கருவேலங்கன்று வெட்ட எந்த பிரஷ் கட்டர்?

எங்கள் முதுகுளத்தூர் பக்கம் பனங்காட்டை ஓரிரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் போதும், சீமைக்கருவேல் ஆள் உயரத்துக்கு அடைத்துக்கொள்ளும். அதை வெட்ட பிரஷ் கட்டர் (நீண்ட தண்டின் நுனியில் பிளேடு சுழலும், இன்ஜினில் ஓடும் கைக்கருவி) வாங்கப் போகிறவர்கள் கடையில் எடுத்த எடுப்பில் ‘எத்தனை சிசி?’ என்று கேட்கிறார்கள். பிளேடைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

கடைக்குப் போகும் முன் காட்டுக்குள் நடந்து, கன்றுகளின் தூரைக் கையால் பிடித்துப் பாருங்கள். விரல் பருமன்தான் என்றால் மூன்று பல் பிளேடு போதும். மணிக்கட்டுப் பருமனுக்கு வந்துவிட்டால் 80 பல் உள்ள வட்ட ரம்ப பிளேடு வேண்டும். அதற்கேற்ற பிளேடு மறைப்பும் (கார்டு) அந்த இயந்திரத்தில் பொருந்த வேண்டும். நைலான் நரம்பு புல்லுக்கு மட்டுமே.

அடுத்தது இன்ஜின். புல்லுக்கு 30 சிசி தாராளம். கருவேல் வைரம் பாய்ந்த மரம், 40 சிசிக்குக் குறையாமல் வாங்குங்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஃபோர் ஸ்ட்ரோக்கைவிட எடை குறைவு, ஆனால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். சிலவற்றுக்கு லிட்டருக்கு 20 மில்லி, சிலவற்றுக்கு 40. கையேட்டில் உள்ளபடியே கலக்குங்கள்.

இன்ஜினை முதுகில் மாட்டும் வகையில் தண்டு வளையும், வரப்புப் புல்லுக்கு அருமையானது. ரம்ப பிளேடை அதில் மாட்ட நான் சம்மதிக்கமாட்டேன். வளையாத தண்டும், சைக்கிளுக்கு இருப்பதுபோல் இரு பக்கக் கைப்பிடியும், இரண்டு தோளிலும் ஏறும் பட்டையும் உள்ளதையே வாங்குங்கள். கடையிலேயே தோளில் மாட்டி, இன்ஜினை இயக்காமல் கையை விட்டுப் பாருங்கள். பிளேடு தரையை ஒட்டிச் சமமாகத் தொங்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் பட்டை மாட்டும் கொக்கியை நகர்த்தச் சொல்லுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் அந்த இயந்திரம் உங்களுக்கு வேண்டாம், மதியத்துக்குள் இடுப்பு விட்டுப்போகும்.

வெட்டும்போது பிளேடைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நேர் எதிரே இருப்பது 12 மணி. பிளேடு கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. 12 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட விளிம்பு தூரில் பட்டால் இயந்திரம் பக்கவாட்டில் வெடுக்கென்று தள்ளும். 9, 10 மணிப் பக்கத்தால் தொடுங்கள். கண்ணாடியும் கனத்த பூட்ஸும் இல்லாமல் இறங்காதீர்கள். 15 மீட்டருக்குள் ஆளோ ஆடோ நிற்கக் கூடாது. கருவேலுக்குள் மறைந்திருக்கும் பனை வடலிகளுக்கு முதல்நாளே சுண்ணாம்பு தடவிய குச்சி நட்டுவிடுங்கள். வளர்ந்து பலன் தர எத்தனை வருடம் காத்திருக்க வேண்டிய மரம் அது!

பிளேடு, கிளட்ச், கார்புரேட்டர் எல்லாம் பரமக்குடியிலேயே கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகே பணம் கொடுங்கள். வேளாண் பொறியியல் துறை மானியத்தையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வாங்கிவிட்டுப் போனால் கிடைக்காது.

வெட்டிய கருவேல் தூரிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். நல்ல மழை பெய்து மண் இளகியதும் கடப்பாரையால் ஓர் அடி ஆழம்வரை தோண்டித் தூரைப் பெயர்த்தெடுங்கள். அந்த வேலையை எந்த பிரஷ் கட்டரும் செய்யாது.