திவாலான கம்பெனியில் மாட்டிக்கொண்ட சரக்கும் பணமும்

கம்பெனி மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் லாரியை எடுத்துக்கொண்டு போய்ச் சரக்கை ஏற்றி வரத்தான் தோன்றும். போகாதீர்கள். தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் திவால் மனுவை ஏற்ற நாள் முதல், 2016 திவால் சட்டத்தின் 14-ஆம் பிரிவு எல்லா வசூலையும் நிறுத்திவிடும். கம்பெனி வசம் உள்ள பொருளைச் சொந்தக்காரர் எடுப்பதற்கும் அந்தத் தடை உண்டு.

உங்களுக்கு வரவேண்டியது பொருளா, பணமா என்று முதலில் பிரியுங்கள். ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய துணி, வாடகைக்கு விட்ட மெஷின், ரிப்பேருக்குக் கொடுத்த மோட்டார் எல்லாம் இன்னும் உங்களுடையவைதான். 18, 36 ஆகிய பிரிவுகள் இவற்றைக் கம்பெனிச் சொத்தில் சேர்ப்பதில்லை. கடனுக்கு விற்ற சரக்கு அப்படியல்ல. அதில் உங்களுக்கு மிஞ்சுவது பாக்கித் தொகை மட்டும்.

பொருளுக்கு, கம்பெனியைப் பொறுப்பில் எடுக்கத் தீர்ப்பாயம் நியமித்த தீர்வு நிபுணருக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் உடனே எழுதுங்கள். டெலிவரி சலான், இ-வே பில், வாங்கிய பில், மெஷினின் சீரியல் நம்பர் தகட்டுப் படம் ஆகியவற்றை இணையுங்கள். பொருளைத் தனியே வைக்கவும், பிறர் சொத்து என்று குறித்துக்கொள்ளவும், நேரில் பார்த்து அடையாளம் காட்ட அனுமதிக்கவும் கேளுங்கள். பெரும்பாலும் சறுக்குவது அடையாளத்தில்தான். சலானில் ‘காட்டன் துணி 400 கிலோ’ என்று மட்டும் இருந்து, ரோலில் லாட் நம்பரும் இல்லையென்றால், சாயப்பட்டறைக் கிடங்கில் பத்துப் பேர் துணியில் எது உங்களுடையது என்று காட்ட வழியில்லை. அந்தச் சரக்குக்கான கூலியை நீங்கள் பாக்கி வைத்திருந்தால், அதைக் கட்டும்வரை சரக்கைப் பிடித்துவைக்க ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு கம்பெனிக்கு இடம் தருகிறது.

பொருளின் மதிப்பைப் பணப் பாக்கியோடு கூட்டி, பணம் கேட்கும் கோரிக்கைப் படிவத்தில் எழுதிவிடாதீர்கள். சொந்தக்காரராக நிற்க வேண்டிய நீங்கள் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் போய் நின்றுவிடுவீர்கள். அந்த வரிசை நீளமானது: கம்பெனி கலைக்கப்பட்டால் நடைமுறைச் செலவு, தொழிலாளரின் 24 மாதப் பாக்கி, அடமானம் பிடித்த வங்கி, அரசு பாக்கி எல்லாம் போன பிறகுதான் சப்ளையர் முறை.

பணத்துக்கு: சப்ளையருக்குப் படிவம் பி, தொழிலாளருக்கும் ஊழியருக்கும் படிவம் டி. சரக்குக்கு அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்தவரும் பி-யே போடலாம். 2022-இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. மனு ஏற்கப்பட்ட நாள் வரைக்கும் மட்டும் வட்டி போடுங்கள். பில், பேங்க் ஸ்டேட்மென்ட், லெட்ஜர் மூன்றிலும் தொகை ஒத்துப்போக வேண்டும். கெடு நிபுணர் நியமனத்திலிருந்து 14 நாள்; பொது அறிவிப்பு நாளிதழிலும் திவால் வாரிய இணையதளத்திலும் வரும். தவறினால், காரணம் எழுதி, மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் கொடுங்கள். கம்பெனியை மீட்கும் திட்டம் ஒப்புதலானால், அதில் இல்லாத கோரிக்கை செத்துவிடும். நிபுணர் மறுத்தால் திவால் சட்டத்தின் 60(5) பிரிவில் தீர்ப்பாயத்துக்கு மனுப் போடலாம்.

இதெல்லாம் கம்பெனிக்கும் எல்.எல்.பி.க்கும் (பங்குதாரர் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம்)தான். தனிநபர் கடை, சாதாரண பார்ட்னர்ஷிப் என்றால் சென்னைக்கு வெளியே 1920 மாகாணத் திவால் சட்டம். அங்கே உங்கள் சம்மதத்தோடு திவாலானவர் தன் சொந்தச் சரக்குபோலவே வைத்திருந்த பொருள் அவருடையதாகவே கருதப்படலாம். ‘இது இன்னாருடையது’ என்ற எழுத்தும் லேபிளும் கொடுக்கும் அன்றே இருக்கட்டும்.