வண்டிக்குள் ஒரு கயிற்றுக் கட்டில்

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் எனக்கு வேலை அதிகம். படகு என்ஜினை இறக்கி ஏற்றும் மெக்கானிக் நான். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்தக் கரையிலும் இரவு தங்க வேண்டி வரும். என் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஸ்கார்பியோவின் பின்பக்கம்தான் எனக்குப் படுக்கை.

முதலில் எல்லோரையும் போல 12 மி.மீ. பிளைவுட் பலகை போட்டு, மேலே ஃபோம் மெத்தை விரித்தேன். மே மாதம் முழுக்க அதில் வெந்துபோனேன். மூன்றாவது வாரம் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கறுப்பாகப் பூஞ்சணம். வேர்வைக்கும் உப்புக்காற்றின் ஈரத்துக்கும் வெளியேற வழியே இல்லை. குளிர்ப் பிரதேசத்துக்காரர்கள் சூடு வெளியே போகாமல் இருக்கப் படுக்கை போடுகிறார்கள். நமக்கு வேண்டியது காற்று, அதுவும் முதுகுக்குக் கீழே. கயிற்றுக் கட்டிலை விட்டால் அதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நடு சீட்டை மடக்கி, முன் சீட்டை முழுக்க முன்னால் தள்ளி அளந்து பாருங்கள். என் வண்டியில் நீளம் 5 அடி 10 அங்குலம், சக்கர மேடுகளுக்கு நடுவே அகலம் 3 அடி 4 அங்குலம் கிடைத்தது. ஒரே கட்டிலாகச் செய்யாதீர்கள். இரண்டு பாதியாகச் செய்தால் ஒரே ஆள் தூக்கி வெளியே வைக்கலாம். சட்டத்துக்கு நான் போட்டது வேப்பமரம், 3க்கு 2 அங்குலம். இரும்புக் குழாய் இங்கே இரண்டு வருடம்கூடத் தாங்காது. போல்ட், திருகாணி எல்லாம் எவர்சில்வரில் வாங்குங்கள். கால் உயரம் 10 அங்குலம் வைத்தேன். அடியில் டூல்ஸ் பெட்டி போகும், நிமிர்ந்து உட்கார்ந்தால் தலையும் இடிக்காது.

படகுக்கு வாங்கும் நைலான் கயிறே கட்டிலுக்கும் போதும். 8 மி.மீ. கயிற்றை நெருக்கிப் பின்னுங்கள். இழுத்துக் கட்டும்போது பக்கச் சட்டங்கள் உள்ளே வளையும் என்பதால் ஒவ்வொரு பாதிக்கும் நடுவில் குறுக்குக் கட்டை அவசியம். நைலான் கொஞ்சம் நீளும், ஒரு வாரம் படுத்த பிறகு மறுபடி இறுக்கிக் கட்ட வேண்டும். அதன் மேல் ஓலைப்பாய், பாய் மேல் பழைய பருத்திப் புடவை இரண்டு மடிப்பு. வேறு எதுவும் தேவைப்படவில்லை.

கட்டிலை வண்டியோடு நிலையாகப் பொருத்த வேண்டாம். சீட்டைக் கழற்றி நிரந்தரமாக மாற்றினால் அது 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் வரும், ஆர்.சி.யில் பதிய வேண்டியிருக்கும். எடுத்து வைக்கிற கட்டிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஓடும்போது பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். சடன் பிரேக் போட்டால் அத்தனை கனமும் உங்கள் பின்மண்டைக்குத்தான் வரும்.

கொசுவுக்கு, வலைத்துணியைத் தலையணை உறை மாதிரித் தைத்துக் கதவின் மேல்பாதியில் மாட்டுங்கள். கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கலாம். 12 வோல்ட் சின்ன ஃபேன் 5 வாட் என்றால் எட்டு மணி நேரத்துக்கு 3 ஆம்பியர்-அவர் சொச்சம்தான், பேட்டரிக்கு அது பெரிய சுமை இல்லை. ஏசிக்காக என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு மட்டும் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எத்தனை வருடம் என்ஜினோடு பழகியிருந்தாலும் அதை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. கெஞ்சிக் கேட்கிறேன். அப்புறம், பின்கதவை உள்ளிருந்து திறக்க முடிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். முடியாவிட்டால் பக்கக் கதவுக்குப் போகும் வழியில் சாமான் அடுக்காதீர்கள்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் பாதித் தூக்கம் இருக்கிறது. தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கத்து ஆண்கடல் (மன்னார் வளைகுடா) கரையில் மணல் வாரி அடிக்கும். அப்போது தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் பெண்கடல் (பாக் விரிகுடா) கரைக்குப் போய்விடுவேன். வாடைக்காற்று தொடங்கினால் அப்படியே தலைகீழ். காற்று கடுமையாக இருந்தால் வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிரே வைத்து, காற்று அடிக்காத பக்கக் கண்ணாடியை மட்டும் நாலு விரல் இறக்குங்கள். புழுக்கமான இரவில் கரைக்கு இணையாக நிறுத்துவேன். முன்னிரவில் கடல்காற்று ஒரு ஜன்னலில் வரும், நள்ளிரவுக்குப் பிறகு தரைக்காற்று மறு ஜன்னலில் வரும்.

மணலில் இறங்க டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்குக் குறைப்பேன், ஏற்றிக்கொள்ளச் சின்ன கம்ப்ரசர் கையில் உண்டு. சீமைக்கருவேலம் இருக்கும் இடத்தில் இறங்கவே வேண்டாம், முள் டயரைத் துளைத்துவிடும். தனுஷ்கோடியில் இரவு தங்க விடமாட்டார்கள், அங்கே முயலாதீர்கள். ரோந்து போலீஸ் வந்து கேட்டால் காட்ட ஆர்.சி.யும் அடையாள அட்டையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

காய்ந்த கடற்பாசி ஒதுங்கிக் கிடக்கும் கோட்டுக்கு மேலே நிறுத்துங்கள், அலை அதுவரை ஏறி வரும். ஊரில் யாராவது பெரியவரிடம் “அண்ணாச்சி, இங்க நிப்பாட்டிக்கலாமா?” என்று கேட்டுவிட்டுப் படுங்கள். கரைவலை இழுக்கிற இடம் எது என்று அவர்களுக்குத்தான் தெரியும். விடியுமுன் அவர்கள் வலையோடு வரும்போது அங்கே உங்கள் வண்டி குறுக்கே நிற்கக் கூடாது.