பச்சைக் குழந்தைக்குக் காது டெஸ்ட்: பெற்றோருக்குச் சில சொற்கள்

உட்காது ஒலியைக் கேட்பதோடு, தானும் மெல்லிய ஒலி எழுப்பும். உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில் உள்ள வெளி மயிர்ச்செல்கள் வந்த ஒலிக்கேற்ப நீண்டு சுருங்க, அந்த அதிர்வு திரும்பி வந்து செவிப்பறையை அசைக்கிறது. 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற விஞ்ஞானி இதைப் பதிவுசெய்து காட்டினார். பிரசவ வார்டில் நான் எடுக்கும் ஓஏஈ டெஸ்ட் இந்த ஒலியைத்தான் தேடுகிறது.

பிறந்த அன்றே அவசரப்பட வேண்டாம். ஒரு நாள் கழியட்டும், ஆனால் டிஸ்சார்ஜுக்கு முன் எடுத்துவிடுங்கள். காதுக்குள் எண்ணெய் விடாதீர்கள், குளிப்பாட்டியபின் ஊதவும் வேண்டாம். பாட்டிமார் வருத்தப்பட்டாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, துணியில் சுற்றித் தூங்கவையுங்கள். மயக்க மருந்து கிடையாது, வலியும் கிடையாது. மடலை மெல்லக் கீழே இழுத்து, ரப்பர் முனை போட்ட ப்ரோபைக் காதில் பொருத்துவேன். ஒலி கொடுக்கும் ஸ்பீக்கர், பதிலைப் பிடிக்கும் மைக் இரண்டும் அதிலேயே இருக்கின்றன. பதில் மிக மெல்லியது. அதனால் அந்தச் சில நிமிடம் பேச்சு, செல்போன் எதுவும் வேண்டாம். குழந்தை சப்புகிற சத்தமே போதும், பதிவு கெட்டுவிடும்.

‘ரெஃபர்’, அதாவது பதில் சரியாகக் கிடைக்கவில்லை என்று வந்தால் அழாதீர்கள். காதுக்குழாயில் பிறவி மாவு (பிறக்கும்போது உடம்பில் இருக்கும் வெள்ளைப் பூச்சு) ஒட்டியிருந்தாலும், நடுக்காதில் நீர் நின்றாலும் அப்படித்தான் வரும். சில வாரத்தில் மறுபடி எடுக்க வேண்டும். தாய்வீடு போகிறவர்கள்தான் இந்தத் தேதியைத் தவறவிடுகிறார்கள். அங்கிருந்து வரமுடியாது என்றால் இப்போதே சொல்லுங்கள், பக்கத்து ஊரில் எங்கே எடுக்கலாம் என்று எழுதித் தருகிறேன்.

‘பாஸ்’ வந்தாலும் ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள். ஓஏஈ மயிர்ச்செல்லோடு நின்றுவிடும். அதற்கப்பால் நரம்பைப் பார்க்காது. குழந்தை ஐந்து நாளுக்கு மேல் ஐசியுவில் இருந்ததா, கடும் மஞ்சள் காமாலைக்கு ரத்தம் மாற்றினார்களா? அப்படியென்றால் ஒலி நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட்டும் கட்டாயம். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள், வீட்டில் பிறவியிலேயே காது கேளாதவர் இருப்பவர்கள் அதையும் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் டெஸ்ட் ஒரு மாதத்துக்குள், குறை உண்டா என்ற முடிவு மூன்று மாதத்துக்குள், தேவையென்றால் காது மெஷின் ஆறு மாதத்துக்குள். கைதட்டினால் திரும்பிப் பார்க்கிறான் என்று வீட்டில் யார் சொன்னாலும் இந்தத் தேதிகளைத் தள்ளிப்போடாதீர்கள். காற்று பட்டும் நிழல் கண்டும்கூடக் குழந்தை திரும்பும்.