விபத்துத் தீவிரம்: இரண்டு நகரங்களை ஒப்பிடுவது எப்படி?

100 சாலை விபத்து நடந்தால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற எண்ணுக்கு விபத்துத் தீவிரம் என்று பெயர். 2018இல் இந்தியா முழுவதும் 4,67,044 விபத்துகளில் 1,51,417 பேர் இறந்தார்கள். அதாவது 100க்கு 32.4 பேர். இதே கணக்கை நகர வாரியாகப் போட்டால், எங்கே எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதற்குத் துப்புக் கிடைக்கும். ஆனால் அவசரப்பட்டால் தலைகீழான முடிவுக்கும் போய்விடலாம். அதனால் ஒவ்வொரு படியாகப் போவோம். எக்செல் அல்லது கூகுள் ஷீட் இருந்தால் போதும்.

படி 1: தரவை எடுங்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் சாலை விபத்து அறிக்கை வெளியிடுகிறது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு அதன் பின்னிணைப்பில் தனி அட்டவணை இருக்கும். தேசிய குற்ற ஆவணக் காப்பகமும் விபத்து மரணங்கள் பற்றித் தனி அறிக்கை தருகிறது. இரண்டையும் கலக்காதீர்கள். நகரப் பட்டியலே இரண்டிலும் ஒன்றல்ல.

ஷீட்டில் நகரம், ஆண்டு, மொத்த விபத்து, இறந்தோர், படுகாயம், லேசான காயம் என்று ஆறு பத்திகள் போடுங்கள். விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால்தான் அது விபத்து மரணமாகக் கணக்கில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 2: தீவிரத்தைக் கணக்கிடுங்கள்

இறந்தோர் எண்ணிக்கையை மொத்த விபத்தால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 2018 கணக்கு இது:

சென்னை: 7,580 விபத்து, 1,260 மரணம். தீவிரம் 16.6.
டெல்லி: 6,515 விபத்து, 1,690 மரணம். தீவிரம் 25.9.

இந்த வித்தியாசம் தற்செயலாக வந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. தீவிரத்தை 100ஆல் வகுத்துப் பின்னமாக்குங்கள். ஒன்றிலிருந்து அதைக் கழித்து, வரும் விடையை அந்தப் பின்னத்தாலேயே பெருக்கி, விபத்து எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 1.96ஆல் பெருக்குங்கள். அதை 100ஆல் பெருக்கினால் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று தெரியும். டெல்லிக்கு ஏறத்தாழ 1.1, சென்னைக்கு 0.8. ஆக இந்த வித்தியாசம் தற்செயல் இல்லை. (ஒரே விபத்தில் பலர் இறப்பதுண்டு, அதனால் இது தோராயக் கணக்குதான்.) ஆனால் 30 விபத்தில் 9 பேர் இறந்த ஒரு சிற்றூரை எடுத்தால், 30 என்ற தீவிரம் உண்மையில் 14 முதல் 46 வரை எங்கும் இருக்கலாம். சிறிய ஊர்களுக்கு மூன்று ஆண்டுத் தரவைக் கூட்டித்தான் பேச வேண்டும்.

படி 3: வகுக்கும் எண்ணைச் சந்தேகியுங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படும் படி இதுதான். மேலே உள்ளதைப் பார்த்தால் சென்னைச் சாலைகள் டெல்லியைவிடப் பாதுகாப்பானவை என்று தோன்றும். அப்படிச் சொல்ல முடியாது.

மரணத்தை மறைப்பது கடினம். ஆனால் லேசான காயத்தோடு முடிந்த விபத்தை இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொண்டு போய்விட்டால் எஃப்.ஐ.ஆரே இருக்காது. சிறு விபத்துகளை ஒழுங்காகப் பதிகிற ஊரில் மொத்த எண்ணிக்கை கூடும், தீவிரம் தானாகக் குறையும். மாநில அளவில் இது பளிச்சென்று தெரியும். 2018இல் தமிழ்நாட்டில் 63,920 விபத்து, 12,216 மரணம், தீவிரம் 19. உத்தரப் பிரதேசத்தில் 42,568 விபத்து, 22,256 மரணம், தீவிரம் 52. அங்கே நடக்கும் விபத்து இரண்டரை மடங்குக்கு மேல் கொடியது என்று நம்புவதைவிட, சிறு விபத்துகள் அங்கே ஏட்டில் ஏறவில்லை என்று கொள்வதே பொருத்தம்.

இதற்கு ஒரு சோதனை: காயமடைந்தோரை இறந்தோரால் வகுத்துப் பாருங்கள். உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலையில் இறக்கிறார்கள், 2 கோடி முதல் 5 கோடிப் பேர் காயமடைகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியிருக்க, ஒரு நகரத்தில் காயமும் மரணமும் ஏறக்குறைய சமமாக இருந்தால், அந்த நகரத்தின் தீவிர எண்ணை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள்.

படி 4: லட்சம் பேருக்கு எத்தனை மரணம்?

2011 கணக்கெடுப்பில் டெல்லி மக்கள்தொகை சுமார் 1.68 கோடி. லட்சத்துக்கு 10 மரணம். சென்னைக்கு எதை எடுப்பது? பழைய மாவட்ட எல்லையின் 46.5 லட்சத்தை எடுத்தால் 27. விரிவாக்கிய மாநகராட்சியின் சுமார் 67 லட்சத்தை எடுத்தால் 19. விபத்தைப் பதிவது போலீஸ், அவர்கள் எல்லையோ 2018இல் இன்னும் பெரிது. தாராளமாக 90 லட்சம் என்று வைத்தாலும் 14 வருகிறது. எப்படிப் பார்த்தாலும் டெல்லியைவிட அதிகம். தீவிரம் சொன்னதற்கு நேர்மாறு!

எல்லை விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரமும் ஆவடியும் தனி காவல் ஆணையரகங்களாகிவிட்டன. அதைக் கவனிக்காமல் சென்னையின் 2018ஐயும் 2022ஐயும் பக்கத்தில் வைத்து, மரணம் குறைந்துவிட்டது என்று மகிழக் கூடாது.

படி 5: நகரத்துக்குள் இறங்குங்கள்

இதுவரை பார்த்தது முதல் துப்பு மட்டும். அடுத்து, இறந்தவர்களை மூன்று விதமாகப் பிரியுங்கள்: எதில் போனார் (நடந்தாரா, பைக்கா, காரா), எந்தச் சாலை, என்ன நேரம். இரவில் தீவிரம் ஏறினால் காலியான சாலையில் வேகம் கூடுவதைச் சந்தேகியுங்கள். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது. நடந்து போனவர்கள் அதிகம் இறந்திருந்தால் நடைபாதை, கடக்கும் இடம், விளக்கு மூன்றையும் நேரில் போய்ப் பாருங்கள். பைக் ஓட்டியவர்களுக்குத் தலைக்காயம் என்றால் ஹெல்மெட் சோதனை. விபத்து குறைவு, மரணம் அதிகம் என்றால், ஊரை அறுத்துக்கொண்டு போகும் நெடுஞ்சாலையும் லாரிகளும் காரணமா, ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாகிறது என்று கேளுங்கள்.

இந்த விவரம் அறிக்கையில் தெரு வாரியாக இருக்காது. உங்கள் பகுதிக்கு வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், கட்டணம் 10 ரூபாய். மூன்று ஆண்டுக்குக் கேளுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டில் உயிரிழப்போ படுகாயமோ ஏற்பட்ட 5 விபத்து, அல்லது 10 மரணம் இருந்தால் அதை விபத்துக் கரும்புள்ளி என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வரையறுத்திருக்கிறது. உங்கள் கணக்கு அந்த எண்ணைத் தொட்டால், ஷீட்டை அச்செடுத்து, போக்குவரத்துப் போலீசுக்கும் தேசிய நெடுஞ்சாலை அலுவலகத்துக்கும் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.