போதைப்பொருள் சோதனைக்குப் பின் முறைப்பாடு எழுதும் முறை

திருகோணமலை பஸ் நிலையத்திலோ கிண்ணியா, மூதூர் வீதிகளிலோ பொலிஸாரின் போதைப்பொருள் சோதனைக்கு உள்ளாகி, எதுவும் அகப்படாமல் விடப்பட்டவர்கள் பெரும்பாலும் 'விட்டதே போதும்' என்று வீடு திரும்பிவிடுகின்றனர். ஐஸ் என்னும் போதைப்பொருள் இளைஞர்களைச் சீரழிக்கும் காலத்தில் சோதனையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் பலர் பார்க்கச் சட்டையைக் கழற்றச் சொல்வதும், கைபேசியை வாங்கித் தனிப்பட்ட செய்திகளை வாசிப்பதும் போதைப்பொருளைத் தேடும் வேலையாகா.

முதலில் காலக்கெடுவைக் கவனியுங்கள். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி, அடிப்படை உரிமை மீறலுக்கு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது என 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. விசாரணை நடப்பதைக் காட்ட வேண்டி வரும் என்பதால், ஆணைக்குழு அனுப்பும் கடிதம் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் உண்டு; கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை.

நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குவது எழுதும் முறையில்தான். 'என் அந்தரங்கத்தில் தலையிட்டார்கள்' என்று மட்டும் எழுதினால் முறைப்பாடு வலுவிழக்கும். ஏனெனில் நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் அந்தரங்கம் தனி உரிமையாக எழுதப்படவில்லை. இது பெருங்குறை என்பதே என் கருத்து. ஆகவே இழிவாக நடத்தப்பட்டிருந்தால் 11 ஆம் உறுப்புரையையும், உங்கள் இனத்தையோ மொழியையோ பார்த்து வேறுபடுத்தியிருந்தால் 12 ஆம் உறுப்புரையையும், காரணம் சொல்லாமல் கைது செய்திருந்தால் 13(1) ஐயும் குறிப்பிடுங்கள்.

'என்னை அவமானப்படுத்தினர்' என்பதற்குப் பதிலாக, 'மாலை ஐந்தரை மணியளவில், பழக்கடை வாசலில், சீருடை அணிந்த இருவர் என் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் உட்படப் பலர் பார்த்துக்கொண்டிருந்தனர்' என்று எழுதுங்கள். சோதித்தவரின் சீருடையிலுள்ள இலக்கம், வாகன எண், கண்டவர்களின் பெயர் ஆகியவற்றை அன்றிரவே குறித்துவையுங்கள். ஒரு வாரம் போனால் நினைவு குழம்பும். பெண்ணைச் சோதிப்பதாயின் பெண் ஒருவரே கண்ணியம் குலையாமல் சோதிக்க வேண்டும் என்பது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம். அது மீறப்பட்டிருந்தால் தனிப் பந்தியாக எழுதுங்கள்.

வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழியாகும்; வாக்குமூலத்தைத் தமிழில் பதியும்படி கேளுங்கள். சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், வாசித்து விளக்கும்வரை கையொப்பமிடாதீர்கள்.

ஏதேனும் கைப்பற்றப்பட்டிருந்தால் முறைப்பாட்டுக்கு முன் சட்டத்தரணியை நாடுங்கள். போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய 2022 இன் 41 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின், ஐஸ் 5 கிராமை எட்டினால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கப்படலாம். எனவே பொருள் யார் முன்னிலையில் நிறுக்கப்பட்டது, எப்போது முத்திரையிடப்பட்டது என்பவற்றை அவரிடம் ஒளிக்காமல் கூறுங்கள்.

அக்கம்பக்கத்தில் பிடிபட்டவரின் படத்தை வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்னும் அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை, நமக்குப் பிடிக்காதவருக்கும் உரியது.

முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால், பிரதியில் திகதி முத்திரை பெறாமல் வெளியே வராதீர்கள்.