உங்களுக்குப் பிடித்த கருப்பட்டியைத் தேடி உடன்குடி வரை

கருப்பட்டி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிறவர்கள், ஒரே ஒரு நாள் திருநெல்வேலியில் இருந்து நாங்குநேரி, திசையன்விளை வழியாக உடன்குடி போய், திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம் வழியாகத் திரும்பிப் பாருங்கள். 1986-ல் மாவட்டம் பிரிந்து உடன்குடி தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டாலும் நாக்குக்கு இது எல்லாம் நெல்லைச் சீமைதான். மண் மாறினால் ருசி மாறும், காய்ச்சும் கை மாறினாலும் மாறும்.

பங்குனிக்கு மேல் ஆனி வரைக்குள் போங்கள், அப்போதுதான் பதனி, அதாவது கருப்பட்டி காய்ச்சுகிற பனஞ்சாறு, இறங்கும். மற்ற மாதங்களில் கடைச்சரக்கு கிடைக்கும், ஆனால் யார் காய்ச்சியது, எந்த மரத்துப் பதனி என்று கேட்க ஆள் இருக்காது.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் பதனியில் இருந்து தொடங்குங்கள். பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள், நுங்கை வழித்துப் போட்டும் தருவார்கள். முதல் பட்டையை மட்டும் நுங்கு இல்லாமல் குடியுங்கள், ஏனென்றால் அன்றைக்குச் சாப்பிடப்போகிற கருப்பட்டிக்கெல்லாம் அடிப்படை ருசி இதுதான். மரத்தில் கட்டுகிற கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் பதனி புளிக்காமல் இருக்கிறது. தடவாமல் விட்டால் கள்ளாகிவிடும், கள்ளுக்கு 1987-ல் இருந்து தமிழ்நாட்டில் தடை. சுண்ணாம்பு கூடிப்போனால் தொண்டையில் லேசாக ஒரு காரல் நிற்கும், அந்தக் காரல் கருப்பட்டியிலும் வரும் என்பதால் இப்போதே கவனித்து வையுங்கள்.

அப்புறம் விடிலிக்கு, அதாவது கருப்பட்டி காய்ச்சுகிற குடிசைக்கு, போங்கள். சாலையோரத்தில் புகை தெரிந்தால் நிறுத்தி, "அண்ணாச்சி, கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் வா என்றுதான் சொல்வார்கள். அடுப்பில் நிற்கிற அக்காவிடம்தான் விஷயம் இருக்கிறது. பொங்கி வரும்போது ஆமணக்குப் பருப்பை நுணுக்கிப் போடுவது, கூப்பனி என்கிற கெட்டிப் பாகு பதத்துக்கு வந்ததும் தீயைக் குறைப்பது, சிரட்டையில் ஊற்றுகிற நேரம், எல்லாமே அவர் கணக்கு. ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் எட்டு, பத்து லிட்டர் பதனி வேண்டும், விறகு தனி, அத்தனை மரம் ஏறி இறங்குகிற ஆளின் உழைப்பு தனி. அதனால் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் விலை கட்டுபடியாகாத அளவுக்குக் குறைவாக யாராவது கொடுத்தால் அதில் சீனி கலந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

ருசி பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துண்டு போதும், கடிக்காமல் நாக்கில் வைத்துக் கரைய விடுங்கள். முதலில் இனிப்பு, அடுத்து ஒரு மெல்லிய உப்புக் கரிப்பு, கடைசியில் புகை வாசனை என்று வரிசையாக வந்தால் நல்ல சரக்கு. நேராகச் சர்க்கரை இனிப்பு மட்டும் பாய்ந்து வந்து நின்றுவிட்டால், உடைத்த இடத்தில் பளபளவென்று மணி மின்னினால், எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. தீய்ந்த கசப்பு இருந்தால் பதம் தப்பியிருக்கிறது. கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் இளம்பாகு, சீக்கிரம் கசியும். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு வாய் வெந்நீர் குடியுங்கள். சுக்குக் கருப்பட்டியையும் சில்லுக் கருப்பட்டியையும் கடைசிக்கு வையுங்கள், சுக்கு நாக்கில் ஏறிய பிறகு வேறு எதுவும் பிடிபடாது.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, பெயரும் பெரிது. ஆனால் பெயருக்காக அதுதான் பிடித்தாக வேண்டும் என்று இல்லை. தேரிக்காட்டுச் செம்மண் பக்கத்துச் சரக்கையும் கடற்கரை ஓரத்துச் சரக்கையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், எது திரும்ப ஒரு துண்டு கேட்க வைக்கிறதோ அதுதான் உங்களுடையது. வழியில் குலசேகரன்பட்டினம் வந்தால் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள், போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரி கம்பெனி அங்கே பதனியில் இருந்து சீனி எடுத்து, அதற்காகச் சின்ன ரயிலே ஓட்டியது.

எடுத்த எடுப்பில் ஐந்து கிலோ வாங்காதீர்கள். மூன்று நான்கு இடங்களில் அரைக்கிலோ வீதம் வாங்கி, ஓலைப்பெட்டியில் ஊர்ப்பெயரை எழுதிவிடுங்கள், வீட்டுக்கு வந்தால் எது எது என்றே தெரியாது. அப்புறம் சமையலில் பாருங்கள், வெறும் வாயில் ஜெயித்தது காபியில் தோற்கலாம். எனக்கு உளுந்தங்களிக்குக் கரிப்பு கூடினதுதான் பிடிக்கும், காபிக்கு அது ஆகாது. எதுவானாலும் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் மண் நிற்கும். பாலை அடுப்பில் இருந்து இறக்கிய பிறகு கருப்பட்டிப் பாகைச் சேருங்கள், கொதிக்கும்போது சேர்த்தால் திரிந்துவிடும்.

பிடித்தது எது என்று தெரிந்ததும் அந்த விடிலிக்கே போன் போட்டு, சீசன் முடிவதற்குள் வருடத்துக்கு வேண்டியதைச் சொல்லி வைத்துவிடுங்கள்.