வைக்க மலிவு, எடுக்க விலை: கிளவுட் சேமிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் கம்ப்யூட்டர் திருத்துகிற எனக்கு இப்போது இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. மற்றவர்களுடைய கிளவுட் பில்லைப் படித்துச் சொல்வது. கிளவுட் என்றால், கோப்புகளை இணையம் வழியாக ஒரு கம்பனியின் கணினிகளில் வாடகைக்கு வைப்பது. 2025 நவம்பரில் டித்வா புயலும் மண்சரிவும் வந்துபோன பிறகு, "எங்கட கணக்கெல்லாத்தையும் மேல ஏத்தித் தாங்க தம்பி" என்று வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பயம் நியாயமானது. ஆனால் எல்லோரும் முதலில் கேட்பது, "ஒரு ஜிபி எவ்வளவு?" தவறு அந்தக் கேள்வியிலேயே தொடங்குகிறது.

கல்யாணப் படம் எடுக்கும் ஒரு ஸ்டூடியோவை வைத்துக் கணக்குப் பார்ப்போம். பழைய படம், வீடியோ எல்லாம் சேர்த்து 2,000 ஜிபி. அமேசானின் எஸ்3 சேமிப்பில், அமெரிக்காவின் வேர்ஜீனியா வட்டாரத்தில் (அதாவது அங்குள்ள கணினி மையங்களில்) வைக்கும் விலைப்படி, சாதாரண வகுப்புக்கு ஜிபி ஒன்றுக்கு மாதம் 0.023 டொலர். மொத்தம் 46 டொலர். அதே அமேசானில், அரிதாக எடுக்கும் கோப்புகளுக்கான கிடங்கு போன்ற கிளேசியர் டீப் ஆர்கைவ் வகுப்பில் போட்டால் சுமார் 2 டொலர்தான். எந்த முதலாளியும் இரண்டாவதைத்தான் கேட்பார்.

ஒருநாள் கடையிலுள்ள ஹார்ட் டிஸ்க் செத்துப்போகிறது. இப்போது மேலே உள்ளதைக் கீழே இறக்க வேண்டும். கிடங்கிலிருந்து மீட்க ஜிபிக்கு 0.02 டொலர் வீதம் 40 டொலர். அதை இணையம் வழியாக வெளியே கொண்டுவர மாதத்தில் முதல் 100 ஜிபி இலவசம், மிச்சம் 1,900 ஜிபிக்கு 0.09 வீதம் 171 டொலர். டொலரை 300 ரூபாவாக வைத்தால் 63,000 ரூபாவுக்கு மேல். கேட்டவுடன் கையில் கிடைப்பதும் இல்லை, மீட்பதற்கே 12 மணி நேரம் வரை ஆகும். சரிவராது என்று முதல் மாதமே அழித்தாலும் 180 நாள் வாடகை கட்டித்தான் ஆக வேண்டும். நமக்குக் கிட்டவுள்ள மும்பை வட்டாரத்தில் வெளியே இறக்கும் விலை இன்னும் கொஞ்சம் கூட.

டீப் ஆர்கைவ் கெட்டது என்று சொல்லவில்லை. பத்து வருடத்துக்கு முந்திய, யாரும் கேட்டு வராத படங்களுக்கு அதைவிட நல்ல இடமில்லை. போன மாதத்துக் கல்யாணத்தை அதில் போட்டால்தான் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்ல முடியாது. இன்னொன்று, செக்கனுக்கு 10 மெகாபிட் வேகத்தில் அந்த 2,000 ஜிபியை ஏற்றவே இரவு பகலாக 18 நாளுக்கு மேல் ஓட வேண்டும். நம் மலையில் சிக்னலும் கரண்டும் அப்படித் தொடர்ந்து இருந்தால்தான் அதுவும். டேட்டா பெக்கேஜ் தீர்ந்தால் அந்தச் செலவு தனி.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாமல் குவியும் பிரதிகள். சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கும் ஒரு இடத்தில் கணக்கு மென்பொருளின் முழுப் பெக்கப் 5 ஜிபி. அது ஒவ்வொரு இரவும் ஏறும், பழையதை அழிக்கச் சொல்லி யாரும் வைக்கவில்லை. வருடம் முடியும்போது 1,825 ஜிபி. கடைசி 30 நாளையும் மாதத்துக்கு ஒன்றையும் வைத்துக்கொண்டு மற்றதைத் தானாக அழிய விட்டிருந்தால் 210 ஜிபியோடு நின்றிருக்கும். பழைய பதிப்புகளைக் காக்கும் வசதியைப் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் அழித்த கோப்பும் உள்ளே இருக்கும், அதற்கும் பில் வரும்.

மென்பொருள் லைசன்ஸ் விஷயத்தில் நான் அதிகம் காண்பது ஏப்ரல் தவறு. நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு ஆள் கூட்டாத ஹோட்டல் இல்லை. நிரந்தரமாக 5 பேர், சீசனுக்கு இன்னும் 7 பேர். 12 பேருக்கும் மைக்ரோசொப்ட் 365ஐ (வேர்ட், எக்செல், மின்னஞ்சல் எல்லாம் சேர்ந்த சந்தா) வருட ஒப்பந்தத்தில் எடுத்துவிடுகிறார்கள். வருட ஒப்பந்தத்தில் ஆள் கூட்டலாம், ஆனால் முதல் 7 நாள் கடந்தால் குறைக்க முடியாது. மே மாதம் பையன்கள் ஊருக்குப் போன பிறகும் 7 லைசன்ஸுக்கு மார்ச் வரை காசு போகிறது. மாத ஒப்பந்தம் 20 சதவீதம் கூடத்தான். இருந்தாலும் கணக்குப் போடுங்கள்: 12 பேருக்கு வருடம் என்றால் 144 மாதக் கட்டணம். 5 பேருக்கு வருடம், 7 பேருக்கு இரண்டு மாதம் என்றால் 77க்குள் முடிகிறது. அறைப் பதிவுக்கான பொது அஞ்சல்பெட்டி 50 ஜிபி வரை தனி லைசன்ஸே கேட்காது. அதைத் திறக்கிறவர்களிடம் லைசன்ஸ் இருந்தால் போதும்.

காசு மிச்சம் பிடிக்க வீட்டுப் பாவனைக்கான ஃபெமிலி திட்டத்தை அலுவலகத்தில் போடுகிறவர்களும் உண்டு. வர்த்தகப் பாவனைக்கு அதில் உரிமை இல்லை. ஒரே கணக்கை நான்கு கிளாக்கர்மார் பங்குபோடுவதும் அதே ரகம்தான். லைசன்ஸ் ஆளுக்குரியது. அதைவிட, கோப்பை அழித்தது யார் என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

மைக்ரோசொப்டின் ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ கோப்பு இருந்தால் அதுவே பெக்கப் என்று நம்ப வேண்டாம். இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும். கூகுள் குப்பைத்தொட்டி 30 நாள் காக்கும், அலுவலக ஒன்டிரைவ் 93 நாள்.

டொலரில் வரும் பில்லை இன்றைய விலையில் மட்டும் பார்ப்பதும் ஆபத்து. 2022 தொடக்கத்தில் 100 டொலர் பில் சுமார் 20,000 ரூபா, அதே வருடம் மே மாதம் 36,000 ரூபா. ஒரு ஜிபிகூடக் கூடவில்லை.

விருந்தினரின் கடவுச்சீட்டு, அடையாள அட்டைப் படங்களை ஏற்றுகிறவர்கள் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். சேமிப்பை வேறொரு கம்பனியிடம் கொடுத்ததால் பொறுப்பும் அவர்களிடம் போய்விடாது.

கடைசியாக, கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடையில், கிளாக்கர் தன் சொந்த ஜிமெயிலில்தான் எல்லாவற்றையும் திறந்திருந்தார். கடன் அட்டை காலாவதியானது, நினைவூட்டல்கள் எல்லாம் அந்த ஜிமெயிலுக்கே போயின. அவர் எப்போதோ கட்டாருக்கு வேலைக்குப் போயிருந்தார். மைக்ரோசொப்ட் 365இல் சந்தா முடிந்தால் 30 நாள் தவணை, பிறகு 90 நாள் நிர்வாகி மட்டும் உள்ளே போகலாம், அதற்குப் பிறகு அழிப்பு. முதலாளி என்னிடம் வந்தபோது 110ஆவது நாள். கட்டாருக்கு வட்ஸ்அப்பில் அழைத்துக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கினோம்.